கேமரன் மலைக்குக் கிளம்பும் முன் அந்தப் பின் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பீடோருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். சின்ன வயதிலிருந்தே இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் மேல் எனக்கு ஆசை. எட்டு மாதத்துக்கு முன்பு ஈப்போவில் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2001 மாடல் மஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கினேன், மேனுவல் கியர். வாங்கியபோதே ஹேண்ட்பிரேக் பலவீனமாக இருந்தது. மேட்டில் நிறுத்தினால் பின்னால் உருளும். வியாபாரி தனக்குத் தெரிந்த பட்டறையில் கேபிளை இறுக்கிக் கொடுத்தார். இப்போது இரண்டே கிளிக்கில் நன்றாகப் பிடிக்கிறது. ஆனால் தோட்டத்திலிருந்து தாப்பா வரை ஓட்டிவிட்டு இறங்கினால் இடது பின் சக்கரத்திலிருந்து கருகல் வாடை வருகிறது, ரிம் தொட முடியாத சூடு. பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கிறது. பட்டறையில் கேட்டால், "இந்த மாடலுக்கு இது சகஜம், எல்லாருக்கும் தெரிஞ்ச கோளாறுதான், ஓட்டுங்க" என்கிறார்கள். இணையத்தில் படித்தாலும் பலர் அதையேதான் சொல்கிறார்கள். வருகிற ஞாயிறு அம்மாவை கேமரன் மலையில் உள்ள பிரிஞ்சாங் முருகன் கோயிலுக்கு இந்தக் காரில் அழைத்துப் போக வேண்டும். போகலாமா? அப்பா காரை விற்றுவிடச் சொல்கிறார். விற்றால் வாங்குகிறவரிடம் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: தம்பி, கோயில் பயணத்தை முதலில் பேசிவிடுவோம். வருகிற ஞாயிறு இந்தக் காரில் போகாதீர்கள். அம்மாவை வேறு காரில் கூட்டிப் போங்கள், அல்லது பயணத்தை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள். மலைக்கு மட்டும் இல்லை, தாப்பா வரை தினம் ஓட்டுவதையும் நிறுத்திவிடுங்கள். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய ஒரு ஓட்டம் மட்டும் பாக்கி. அதற்கும் முடிந்தால் டோ லோரியைக் கூப்பிடுங்கள்.

பட்டறைக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இது தெரிந்த கோளாறுதான். எம்எக்ஸ்-5 1989இல் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 2016இல் பத்து லட்சமாவது கார் தயாரானது. இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான். இத்தனை வருடம், இத்தனை கார் ஓடினால் எது எங்கே சிக்கும் என்பது ஊர் உலகத்துக்கே தெரிந்துவிடும். முதல் இரண்டு தலைமுறைகளில், அதாவது 1989 முதல் 2005 வரை வந்த கார்களில், பின் கேலிப்பர் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டை, பேட் என்ற உராய்வுக் கட்டைகளால் இரு பக்கமும் கவ்விப் பிடிக்கும் பாகம்) இறுகிக்கொள்வது உலகம் முழுக்க மெக்கானிக்குகள் அறிந்த விஷயம். உங்கள் கார் இரண்டாம் தலைமுறை, அதனால் அந்தக் கணக்கில்தான் வருகிறது. இது மஸ்டாவுக்கு மட்டும் உள்ள குறை என்றும் நினைக்க வேண்டாம். ஹேண்ட்பிரேக்கைக் கேலிப்பருக்குள்ளேயே வைத்துக் கட்டிய எந்தக் காரிலும், வயதாகி, பராமரிப்பும் விட்டுப்போனால், இதே சிக்கல் வரும்.

ஆனால் "தெரிஞ்ச கோளாறு, அதனால் ஓட்டுங்க" என்பதை என்னால் ஏற்கவே முடியாது. தெரிந்த கோளாறு என்றால் எங்கே கழற்ற வேண்டும், எதை மாற்ற வேண்டும் என்பதும் தெரியும் என்று அர்த்தம். தேடி அலைய வேண்டிய வேலையே இல்லை. வழி தெரிந்திருந்தும் வாடிக்கையாளரைக் கருகல் வாடையோடு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். பிரேக் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் இதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் காரின் பின் கேலிப்பருக்கு இரண்டு வேலை. காலால் மிதித்தால் பிரேக் எண்ணெயின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடைத் தள்ளும், பேட் டிஸ்க்கைப் பிடிக்கும். கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்தால் எண்ணெய்க்கு அங்கே வேலை இல்லை. கேபிள் போய் கேலிப்பரின் முதுகில் இருக்கும் ஒரு சின்ன நெம்புகோலைத் திருப்பும். அந்த நெம்புகோலின் தண்டு உள்ளே திரும்பி அதே பிஸ்டனைத் தள்ளும். அப்புறம், பிஸ்டன் இருப்பது டிஸ்க்கின் உள்பக்கம் மட்டும்தான். வெளிப்பக்கத்துப் பேடும் பிடிக்க வேண்டுமென்றால் கேலிப்பர் முழுவதுமாக இரண்டு பின்களின் (வழுவழுப்பான சின்ன உலோகத் தண்டுகள்) மேல் வழுக்கி நகர வேண்டும். ஆக, இறுகிக்கொள்ள மூன்று இடம் உண்டு: வழுக்கும் பின்கள், ஹேண்ட்பிரேக் நெம்புகோலின் தண்டு, பிஸ்டன். மூன்றையும் மூடிக் காப்பது மெல்லிய ரப்பர் உறைகள். இருபது வருடத்துக்கு மேல் வெயிலும் மழையும் பட்ட ரப்பர் வெடித்திருக்கும். வெடித்த இடம் வழியாகத் தண்ணீர் போகும், தோட்டத்துச் செம்மண் போகும். உள்ளே இருந்த கிரீஸ் காய்ந்து பசையாகி, அதன் பின்னால் துருவும் வந்துவிடும்.

உங்கள் கதையில் என் சந்தேகம் முதலில் போவது கேபிளை இறுக்கிய இடத்துக்குத்தான். வாங்கும்போது ஹேண்ட்பிரேக் பலவீனமாக இருந்ததென்றால், பெரும்பாலும் பேட் தேய்ந்து பிஸ்டனுக்கும் பேடுக்கும் இடைவெளி கூடியிருக்கும், அல்லது நெம்புகோல் ஏற்கெனவே பாதி இறுகியிருக்கும். இந்தத் தலைமுறைக் காரில் அந்த இடைவெளி தானாகச் சரியாகாது, கையால் வைக்க வேண்டும். கேலிப்பரின் பின்பக்கம் ஒரு மூடிப் போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீட்டர் ஆலன் சாவி (அறுகோண முனைச் சாவி) நுழையும் ஒரு திருகு தெரியும். கேபிளைத் தளர்த்திவிட்டு, அந்தத் திருகை வலப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே போனால் பேட் டிஸ்க்கைக் கவ்வி நிற்கும். அங்கிருந்து மூன்றில் ஒரு சுற்று பின்னால் விட வேண்டும். இரண்டு பக்கமும் இப்படி வைத்த பிறகே கேபிளுக்கு வர வேண்டும். ஹேண்ட்பிரேக் ஐந்திலிருந்து ஏழு கிளிக்குக்குள் பிடித்தால் சரி.

இதைச் செய்யாமல் கேபிளை மட்டும் இழுத்துக் கட்டினால், கேலிப்பரின் நெம்புகோல் தன் ஓய்வு நிலைக்குத் திரும்பவே திரும்பாது. நீங்கள் ஹேண்ட்பிரேக்கை முழுவதும் இறக்கினாலும் அங்கே பாதி இழுத்தபடியே நிற்கும். இரண்டே கிளிக்கில் பிடிக்கிறது என்று நீங்கள் சந்தோஷமாக எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. பேட் டிஸ்க்கை உரசியபடியே நீங்கள் தாப்பா வரை போகிறீர்கள். வாடைக்கும் சூட்டுக்கும் பெட்ரோலுக்கும் இது ஒன்றே காரணமாக இருக்கலாம்.

இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் காரை நான் பார்க்கவில்லை. ஆனால் எந்த இடம் இறுகியிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியை நீங்களே தெரிந்துகொண்டு, போமனிடம் (பட்டறை மெக்கானிக்கிடம்) சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று செய்ய வைக்கலாம். அரை மணி நேர வேலை. சமதளத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி வந்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜேக்கில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜேக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கு அடியில் கை விட வேண்டாம். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் இறக்கி, இரண்டு பின் சக்கரத்தையும் கையால் சுற்றிப் பாருங்கள். வலது சுலபமாகச் சுற்றி, இடது முரண்டு பிடித்தால், இடது பக்கத்துக் கேபிளைக் கேலிப்பரிலிருந்து கழற்றச் சொல்லுங்கள். உடனே சக்கரம் விடுபட்டால் கேபிள் அதிகம் இறுகியிருக்கிறது, அல்லது கேபிளே உறைக்குள் துருப்பிடித்திருக்கிறது. விடுபடவில்லை என்றால் அந்த நெம்புகோலைப் பாருங்கள். கேபிள் இல்லாத நிலையில் ஸ்பிரிங் அதைத் தடுப்பு வரை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். போகாமல் நடுவழியில் நின்றால் தண்டு இறுகிவிட்டது.

நெம்புகோல் ஓய்வு நிலைக்குப் போயும் சக்கரம் சுற்றவில்லையா? அடுத்து, கேலிப்பரில் இருக்கும், பிரேக் எண்ணெயிலிருந்து காற்று எடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். எண்ணெய் பீச்சியடித்து உடனே சக்கரம் விடுபட்டால் குற்றம் கேலிப்பரில் இல்லை. எண்ணெய் திரும்பிப் போக வழியில்லாமல் அடைபட்டிருக்கிறது. எண்ணெய் போகும் பழைய ரப்பர் ஹோஸ் (குழாய்) உள்ளுக்குள் வீங்கினால் இப்படி ஆகும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும், உள்ளே வழி மூடியிருக்கும். காலால் மிதிக்கும் அழுத்தம் எண்ணெயை உள்ளே தள்ளிவிடும், திரும்பி வரத்தான் வலு இல்லை. நிப்பிளைத் திறந்தும் விடுபடவில்லை என்றால் பிஸ்டனோ பின்களோ இறுகியிருக்கின்றன. அப்போது பேடுகளைக் கழற்றி இரண்டையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உள்பக்கத்துப் பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்து, வெளிப்பக்கத்துப் பேட் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தால், கேலிப்பர் வழுக்கவில்லை, பின்கள்தான் காரணம். பேட் ஒரு முனையில் மெலிந்து மறுமுனையில் தடித்து ஆப்பு வடிவில் இருந்தாலும் அதே காரணம்தான். இரண்டு பேடும் ஒரே மாதிரி தேய்ந்து, இரண்டின் பரப்பும் பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தால் பிஸ்டன் பக்கம் பாருங்கள்.

இந்த வரிசையில் பார்க்காமல் "கேலிப்பர் போச்சு, மாத்திடுங்க" என்று சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியம், பிஸ்டனைச் சி-கிளாம்ப் போட்டு நெருக்கி உள்ளே தள்ளுகிற ஆளிடம் இந்தக் காரை விடவே விடாதீர்கள். முன் கேலிப்பரில் அப்படிச் செய்யலாம். இந்தப் பின் கேலிப்பரில் பிஸ்டனை உள்ளே கொண்டுபோக, நான் சொன்ன ஆலன் திருகை இடப்பக்கமாகத் திருப்ப வேண்டும். நெருக்கித் தள்ளினால் உள்ளே இருக்கும் திருகு அமைப்பு உடையும். அப்புறம் நல்ல கேலிப்பரும் குப்பைக்குப் போகும். மற்ற கார்களில் நன்றாகக் கை பழகிய போமன்கள்கூட இதைத் தெரியாமல் செய்துவிடுகிறார்கள். அதனால் முன்கூட்டியே கேளுங்கள்: "இந்த மாடலில் பின் பிஸ்டனை எப்படி உள்ளே விடுவீங்க?" ஆலன் சாவி என்று பதில் வந்தால் காரை விடுங்கள்.

மலைக்கு ஏன் கூடாது என்று கொஞ்சம் கணக்காகவே சொல்கிறேன். கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர் உயரம். தாப்பா ஏறக்குறைய அடிவாரம். நீங்களும் அம்மாவும் உட்கார்ந்தால் காரின் மொத்த எடை 1,200 கிலோவை ஒட்டி வரும். அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியாகும் ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால், 50 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கை எதிர்க்காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். சரியான கியரில் இறங்கினால் என்ஜின் ஒரு பெரும்பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதும் பிரேக்குக்குத்தான். சமதளத்தில் தாப்பா வரை ஓட்டியதற்கே தொட முடியாத சூட்டில் இருக்கும் சக்கரம், இந்த வெப்பத்தையும் சேர்த்து வாங்கப் போகிறது.

சூடு ஏறினால் பேடின் பிடிப்பு குறையும், அது ஒன்று. அதைவிடப் பயங்கரம் எண்ணெய் கொதிப்பது. பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணம் உள்ளது. டாட் 3 என்ற வகை எண்ணெயின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறிய நிலையில் 140 வரை இறங்கிவிடலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. வருடக்கணக்கில் மாற்றாத எண்ணெய், அதுவும் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும் ஒரு கேலிப்பருக்குள் நின்றுகொண்டிருக்கிறது. அது கொதித்து ஆவியானால் குழாயில் நீராவிக் குமிழி நிற்கும். எண்ணெயை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கிவிடலாம். நீங்கள் மிதிக்கிற மிதி பேடுக்குப் போகாமல் அந்தக் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும். பெடல் தரை வரை இறங்கும். இது படிப்படியாகச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. முந்தைய வளைவில் நன்றாக இருந்த பெடல் அடுத்த வளைவில் இல்லாமல் போகும். தாப்பா சாலையில் அடுத்த வளைவு உடனே வந்துவிடும், எதிரே காய்கறி லோரியும் வரும்.

மூன்றாவதாக ஒன்று. உங்களுடையது பின் சக்கர இழுவைக் கார், எடை குறைவு. ஒரு பின் சக்கரம் மட்டும் ஏற்கெனவே பாதி பிடித்தபடி இருந்தால், மழையில் நனைந்த வளைவில் நீங்கள் லேசாக மிதித்தாலே அந்தச் சக்கரம் மற்றவற்றுக்கு முன்னால் பூட்டிக்கொள்ளலாம். காரின் பின்பகுதி வெளியே வீசும். பிரேக் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்கள் செய்வதால், சாதாரண ஓட்டத்தில் பின்னால் இருக்கும் இந்தக் குறை காலுக்கே தெரியாது. பெடல் நன்றாகத்தான் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். மலையே போகாவிட்டாலும் இந்த ஆபத்து உங்களோடு தினமும் வருகிறது. தோட்டத்துச் சாலையில் லோரியிலிருந்து விழுந்த செம்பனைக் குலை, பால்வெட்டு முடிந்து தலைக்கவசம் இல்லாமல் குறுக்கே வரும் மோட்டார், மாலை மழையில் சாலையிலேயே படுத்திருக்கும் மாடு, எதற்காகவாவது நீங்கள் சட்டென்று மிதித்துத்தான் ஆக வேண்டும்.

இனி பழுது. இடது பக்கம்தான் சூடாகிறது என்றாலும் இரண்டு பின் கேலிப்பரையும் சேர்த்தே பார்க்க வேண்டும். வலதும் அதே வயது, அதே மழையில் நனைந்தது. ஒரு பக்கம் புதுசாகவும் மறுபக்கம் பழசாகவும் இருந்தால் பிடிப்பு ஏறுக்குமாறாகும். கேலிப்பரைப் பிரித்து, பிஸ்டனின் வழவழப்பான பரப்பை வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். துரு குழி பறித்திருந்தால் புது சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) போட்டும் பயனில்லை, கேலிப்பரையே மாற்றுங்கள். குழி இல்லை என்றால் சீல் கிட் போதும். பின்கள் கழற்றி எடுக்கும்போது கைக்கு வழுக்கி வர வேண்டும். சுத்தியல் தட்டி எடுத்த பின்னை மணல்தாள் போட்டுத் தேய்த்துத் திருப்பிப் போடுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை. புது பின், புது ரப்பர் உறை. பிரேக்குக்கென்று வரும் சிலிக்கோன் கிரீஸ் அல்லது ரப்பர் கிரீஸ்தான் போட வேண்டும். பேரிங்குக்குப் போடும் சாதாரணக் கிரீஸ் போட்டால் ரப்பர் ஊதிப் பெருத்து, சில மாதத்திலேயே பின்கள் மறுபடியும் இறுகும். பழைய பட்டறைகளில் கைக்குக் கிடைத்த டின்னிலிருந்து எடுத்துப் பூசும் வழக்கம் இன்னும் இருக்கிறது, பக்கத்தில் நின்று பாருங்கள்.

ரப்பர் ஹோஸ் முதலில் வந்ததே இன்னும் இருந்தால் நான்கையும் மாற்றிவிடுங்கள். பேட் இரண்டு பக்கத்துக்கும் புது செட். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நீலம் பாய்ந்திருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. கடைசியாக எண்ணெய் முழுவதையும் வெளியேற்றி, சீல் திறக்காத புட்டியிலிருந்து டாட் 4 ஊற்றுங்கள். இனிமேல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். டாட் 5 என்று ஒரு சிலிக்கோன் எண்ணெய் உண்டு, நம்பர் பெரியது என்பதால் அதை வாங்கிவிடாதீர்கள், இதோடு சேராது. 5.1 வேறு வகை, அதை ஊற்றலாம்.

ஹாஃப்கட் கடையில் (பழைய கார்களை வெட்டிப் பாகங்களாக விற்கும் கடை) கேலிப்பர் மலிவாகக் கிடைக்கும். ஜப்பானில் ஓடிய காரிலிருந்து வெட்டி எடுத்தது என்பார்கள். அங்கே குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் பகுதிகள் உண்டு, அந்தக் கேலிப்பர் உங்களுடையதைவிட மோசமாகவும் இருக்கலாம். வாங்கினால் பிரித்து, சீல் மாற்றிய பிறகுதான் காரில் ஏற்ற வேண்டும். வாங்கி வந்து அப்படியே மாட்டுவது ஒரு கோளாறைக் கழற்றிவிட்டு இன்னொன்றை மாட்டுவதாக முடியலாம்.

வேலை முடிந்து ஒரு வாரம், ஓட்டி வந்தவுடன் நான்கு டிஸ்க்கின் சூட்டையும் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்தே அளக்கும் வெப்பமானி ஹார்ட்வேர் கடைகளில் கிடைக்கிறது, விலை அதிகமில்லை. பின்னால் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாகக் காட்ட வேண்டும். கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், புறங்கையை ரிம் பக்கம் கொண்டுபோனாலே வித்தியாசம் தெரியும். சூடாக இருக்கும் டிஸ்க் மேல் தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பதும் கூடாது. மழையில் ஓட்டி வந்து வீட்டுச் சமதளத்தில் பல நாள் நிறுத்துவதாக இருந்தால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைக்காமல், முதல் கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஈரமான பேடும் டிஸ்க்கும் ஒட்டிக்கிடந்தால் துரு அங்கேயே தொடங்கும். ஆனால் ஹேண்ட்பிரேக்கைத் தொடாமலே மாதக்கணக்கில் விடாதீர்கள். அந்தத் தண்டு அசைந்துகொண்டிருந்தால்தான் இறுகாது.

அப்பா சொல்லும் விற்பனைக்கு வருகிறேன். அப்பாவின் பயம் நியாயமானது, அவர்மேல் வருத்தப்படாதீர்கள். ஆனால் இந்த நிலையில் விற்பதாக இருந்தால் வாங்குகிறவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். வாயால் மட்டும் போதாது, எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் போன்ற சோதனை மையத்தில் பி5 சோதனை உண்டு, அதில் பிரேக்கையும் உருளையில் வைத்துப் பார்ப்பார்கள். அங்கே பாஸ் ஆனால் நம் பொறுப்பு தீர்ந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆறிய பிரேக்கோடு அன்றைய தினம் உருளையில் காட்டிய பிடிப்பு மட்டும்தான் அந்தச் சான்றிதழில் இருக்கிறது. தாப்பா போய்ச் சேர்ந்தபோது வந்த வாடை அதில் இல்லை. அது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். வாங்குகிறவர் தன் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுவார். என்னைக் கேட்டால், முதலில் பழுது பார்த்துவிடுங்கள். அதற்குப் பிறகும் விற்கத் தோன்றினால் பில்லோடு விற்கலாம், விலையும் கிடைக்கும். ஆசைப்பட்டு வாங்கிய காரைப் பயத்தினால் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஒழுங்காகப் பார்த்தால் இது நன்றாக நிற்கும் கார்.

உங்களுக்கு விற்ற வியாபாரியைச் சும்மா விடவும் தேவையில்லை. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரி விற்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். வயதான காரில் புதுக் காரின் தரத்தைக் கேட்க முடியாது, சரி. ஆனால் இறுகிக்கொள்ளும் பிரேக்கை யாரும் வயதின் கணக்கில் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. முதலில் அவருக்கு எழுத்தில் தெரிவித்து, பழுதுச் செலவைக் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான், அழிக்காமல் வையுங்கள். கேலிப்பரைப் பிரிக்கும்போது படம் எடுங்கள். தேய்ந்த பேடையும் கழற்றிய பாகங்களையும் பட்டறையிலேயே விட்டுவிடாமல் ஒரு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பில்லில் என்ன கோளாறு கண்டார்கள் என்பதையும் போமனை எழுதச் சொல்லுங்கள். வியாபாரி மறுத்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுப் போடலாம். கட்டணம் 5 ரிங்கிட், 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வழக்கறிஞர் தேவையில்லை. வாங்கி எட்டு மாதம்தான் ஆகிறது, உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வரட்டும் என்று பழுதைத் தள்ளிப் போடாதீர்கள்.

காப்புறுதி பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். வாகனத்தைச் சாலைக்கு ஏற்ற நிலையில் வைத்திருப்பது உரிமையாளர் கடமை என்று மோட்டார் பாலிசிகளில் நிபந்தனை இருக்கும். கோளாறு தெரிந்தே ஓட்டி விபத்தானால் அங்கே தகராறு வரும். உங்கள் பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தை ஒருமுறை படியுங்கள்.

எல்லாம் சரியாகி, ஒரு வாரம் சூடு பார்த்து, நான்கும் ஒழுங்காக இருந்தால் அம்மாவைத் தாராளமாகக் கூட்டிப் போங்கள். இறங்கும்போது இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் விடுங்கள். எந்தக் கியரில் அந்த மேட்டை ஏறினீர்களோ, அதே கியர். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். காலைப் பெடல் மேல் வைத்துக்கொண்டே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு முழுவதும் விடுங்கள், டிஸ்க்குக்குக் காற்று வேண்டும். பெடல் பஞ்சு போலத் தோன்றினாலோ வாடை வந்தாலோ அடுத்த ஒதுக்கிடத்தில் நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். ஒருவேளை பெடல் கீழே போயேவிட்டால் பதறாமல் வேகமாகப் பலமுறை மிதியுங்கள், ஒவ்வொரு கியராக இறக்குங்கள், ஹேண்ட்பிரேக்கைப் பொத்தானை அமுக்கியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் கார் சுழன்றுவிடும். பள்ளத்தின் பக்கம் போகாமல் மலைச்சுவர்ப் பக்கம் ஒட்டிக்கொண்டு வாருங்கள்.

நாளைக்கே அந்தப் பழைய பட்டறைக்குப் போன் செய்ய வேண்டாம். பீடோரிலோ தாப்பாவிலோ தெலுக் இந்தானிலோ, பிரேக் வேலை அதிகம் பார்க்கும் ஒரு கடையைக் கேட்டு விசாரித்து, ஆலன் சாவிக் கேள்வியைக் கேளுங்கள். கேலிப்பரைப் பிரித்ததும் பிஸ்டனையும் பேடுகளையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், மாற்ற வேண்டுமா சீல் போதுமா என்று பார்த்துச் சொல்கிறேன்.